தன் கையையே ஏடாக்கிய மருத்துவர்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்

1903-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 25-ஆம் நாள். இலண்டன் மாநகரில் நாற்பத்தொரு வயது மருத்துவர் ஒருவர் தம் இடக்கையை நீட்டிப் படுத்திருக்கிறார். அவருக்கு நோய் ஒன்றுமில்லை. கையில் காயமில்லை, கட்டியில்லை. ஆயினும் டீன் என்னும் அறுவை மருத்துவர் அவருடைய முழங்கை மடிப்பருகே தோலைக் கீறுகிறார். தசையை ஒதுக்கி, உள்ளே வெண்ணூல் போல ஓடும் நரம்பைத் தேடி எடுத்து அறுக்கிறார். ஒரு சிறு துண்டை வெட்டி நீக்கிவிட்டு, எஞ்சிய இரு முனைகளையும் மெல்லிய பட்டு நூலால் சேர்த்துத் தைக்கிறார். பக்கத்தில் ஓடும் இன்னொரு தோல் நரம்பும் அறுக்கப்படுகிறது. பிறகு காயத்தை மூடிக் கட்டுப் போடுகிறார்கள்.

வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொள்வது என்று நம் ஊர்ப் பக்கம் சொல்வார்கள். நல்ல நரம்பை அறுக்கச் சொல்லிக் கை நீட்டியவரை வேறு என்னவென்று சொல்வது? அவர் பெயர் ஹென்றி ஹெட். நரம்பியல் படிப்போர் உலகெங்கும் அறிந்த பெயர். நம் பாடத்திட்டத்தில் அவருக்கு ஒரு வரி கூட இல்லை. நரம்பு மண்டலம் பற்றிய வகுப்பில் எங்கள் பேராசிரியர் போகிற போக்கில் சொன்ன செய்தியைப் பிடித்துக்கொண்டு நூலகத்தில் தேடினேன். தேடியதற்கு வேறொரு காரணமும் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஹெட் 1861-ஆம் ஆண்டு ஆகஸ்டு 4-ஆம் நாள் இலண்டனின் ஸ்டோக் நியூயிங்டன் பகுதியில் பிறந்தார். தந்தையார் கப்பல் காப்பீட்டுத் தரகர், வசதியான குடும்பம். பதினொரு பிள்ளைகளில் இவரே மூத்தவர். சார்ட்டர்ஹவுஸ் பள்ளியிலும், கேம்பிரிட்ஜில் டிரினிட்டி கல்லூரியிலும் பயின்றார். அக்காலத்தில் உடலியங்கியலுக்குத் தாயகம் ஜெர்மன் மொழி பேசிய பல்கலைக்கழகங்களே. எனவே பிராகு நகருக்குச் சென்று, ஹெரிங் என்னும் பேரறிஞரிடம் இரண்டாண்டுகள் மாணவராக இருந்தார். மூச்சு விடுவதை நரம்பு எவ்வாறு ஆள்கிறது என்று அங்கே ஆராய்ந்தார். திரும்பி வந்து மருத்துவப் பட்டம் பெற்றார். உடலின் உட்புறத்து உறுப்பு நோயுறும்போது தோலின் குறிப்பிட்ட பட்டைகளில் ஏன் வலி தோன்றுகிறது என்பதை ஆராய்ந்து 1893-இல் வெளியிட்டார். அந்தப் பட்டைகள் ஹெட் மண்டலங்கள் என்று இன்றும் அவர் பெயரால் வழங்குகின்றன. 1899-இல் இராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். அப்போது வயது முப்பத்தெட்டுக்கூட நிரம்பவில்லை.

இவ்வளவு பெயர் பெற்றவர் எதற்காகத் தம் நரம்பை அறுத்துக்கொள்ள வேண்டும்?

இதைப் புரிந்துகொள்ள நரம்பு என்ற சொல்லை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். நம் வீடுகளில் கையில் பச்சையாகத் தெரியும் இரத்தக் குழாயும் நரம்பு. விரலை மடக்கும்போது மணிக்கட்டில் துருத்தும் தசைநாணும் நரம்பு. ஆத்திரக்காரனுக்குப் புடைப்பதும் நரம்பு. ஆனால் அறிவியலில் நரம்பு என்பது செய்தி கொண்டு செல்லும் இழைகளின் கற்றை. தசைக்குக் கட்டளை ஒரு திசையில் போகிறது. தோலிலிருந்து தொடுகையும் சூடும் வலியும் மறு திசையில் வருகின்றன. மணிக்கட்டில் இவை மூன்றும் ஒரு கையகல இடத்தில் நெருங்கி ஓடுகின்றன. பெருவிரல் முதல் மோதிர விரலின் பாதி வரைக்கும் உணர்வு தருவது நடுவே ஓடும் மீடியன் நரம்பு. சுண்டுவிரல் பக்கம் அல்நார் நரம்பு. விரல்களை மடக்கும் தசைநாண்களும், இரண்டு தமனிகளும் அங்கேதான். கண்ணாடியோ கத்தியோ மணிக்கட்டில் ஆழமாகப் பாய்ந்தால் ஒரே வெட்டில் எல்லாம் போகும்.

அறுபட்ட நரம்பு கயிறு அன்று. முடிச்சுப் போட்டவுடன் வேலை செய்யாது. அகஸ்டஸ் வாலர் என்பவர் 1850-இல் தவளையின் நாக்கு நரம்புகளை அறுத்துக் கண்ட உண்மை இது: வெட்டுக்கு அப்பாலுள்ள இழைகள் முழுதும் அழிந்து போகின்றன. மூளைப் பக்கத்து முனையிலிருந்து புதிய இழைகள் முளைத்து, பழைய உறைக்குள் புகுந்து, ஊர்ந்து ஊர்ந்து விரல் நுனி வரை போய்ச் சேர வேண்டும். தைப்பதெல்லாம் அந்த முளைகளுக்கு வழி காட்டுவதற்கே.

ஆனால் 19-ஆம் நூற்றாண்டு மருத்துவர்கள் பலர் வேறு விதமாக நம்பினார்கள். தைத்த சில நாட்களிலேயே நரம்பு ஒட்டிக்கொண்டு உணர்ச்சி திரும்பிவிடுகிறது என்று வெற்றிச் செய்திகள் எழுதினார்கள். மணிக்கட்டு வெட்டுண்டவரின் விரலை மருத்துவர் தம் விரலால் அழுத்தித் தெரிகிறதா என்று கேட்பார்; நோயாளி தெரிகிறது என்பார். தையல் வெற்றி! இதில் யாருடைய பொய்யும் இல்லை. நோயாளிக்கு உண்மையிலேயே ஏதோ தெரிந்தது. ஆனால் அது தைத்த நரம்பின் வழியே வந்த உணர்ச்சியா?

கேள்வி சிறியதுதான். ஆனால் ஒருவருடைய கை அதில் தொங்குகிறது. தையல் பிழைத்திருந்தால் காத்திருக்க வேண்டும். பிழைக்காமல் தழும்பாகிப் போயிருந்தால் காயத்தை மறுபடி திறந்து, தழும்பை வெட்டி நீக்கி, புதிதாகத் தைக்க வேண்டும். பிழைக்காத தையலைப் பிழைத்தது என்று நம்பிக் காத்திருந்தால் கை சூம்பிப் போகும். பிழைத்த தையலைப் பிழைக்கவில்லை என்று திறந்தாலோ, முளைத்து வந்த இழைகளைத் தானே அறுத்தெறிந்த பாவம் வந்து சேரும்.

இலண்டன் மருத்துவமனையில் ஹெட்டும், ஷெர்ரன் என்ற இளம் அறுவை மருத்துவரும் இந்தக் கேள்வியோடுதான் மல்லுக்கு நின்றார்கள். ஷெர்ரன் கப்பல் வாழ்க்கையிலிருந்து மருத்துவத்துக்கு வந்தவர். கிழக்கு இலண்டன் உழைக்கும் மக்கள் நெருங்கி வாழ்ந்த பகுதி. கையில் நரம்பு அறுபட்டு வருகிறவர்களுக்குக் குறைவில்லை. அவர்களைப் பல மாதங்கள் தொடர்ந்து சோதித்ததில் ஒன்று புலப்பட்டது. மணிக்கட்டில் நரம்பு மட்டும் அறுபட்டவருக்குத் தோலில் பஞ்சு பட்டால் தெரிவதில்லை. ஊசி குத்தினால் தெரிவதில்லை. ஆனால் விரலால் அழுத்தினால் தெரிகிறது. தசைநாண்களும் சேர்ந்து அறுபட்டவருக்கோ அந்த அழுத்தமும் தெரிவதில்லை. அப்படியானால் அழுத்தத்தை உணரும் இழைகள் தோல் நரம்பில் இல்லை. தசையையும் தசைநாணையும் ஒட்டி வேறு வழியாகப் போகின்றன! பழைய வெற்றிச் செய்திகளில் பலவற்றின் இரகசியம் இதுதான். அறுபடாத வழியில் வந்த செய்தியை, தைத்த வழியில் வந்ததாக எண்ணிவிட்டார்கள்.

ஆயினும் ஹெட்டுக்கு நிறைவு ஏற்படவில்லை. வேலைக்கு ஓட வேண்டிய கூலித் தொழிலாளியை மணிக்கணக்கில் உட்கார வைத்து, இது எப்படி இருக்கிறது, அது எப்படி இருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருக்க முடியாது. அவரும் எவ்வளவுதான் சொல்வார்? மரத்துப் போச்சு என்பார், சுருக்கென்கிறது என்பார். அதற்கு மேல் சொல்ல அவருக்கு நேரமும் இல்லை, பழக்கமும் இல்லை. உணர்ச்சியைப் பகுத்துச் சொல்லப் பயின்ற ஒருவருக்கே நரம்பு அறுபட்டிருந்தால் எவ்வளவு தெரிந்துகொள்ளலாம் என்று எண்ணினார். அப்படி ஒருவரைத் தேடி அவர் வெகுதூரம் போகவில்லை.

துணைக்கு அமைந்தவர் ரிவர்ஸ். கேம்பிரிட்ஜில் புலனுணர்ச்சி பற்றிக் கற்பித்த அறிஞர். தமிழ்நாட்டு மாணவர்களாகிய நமக்கு இவரிடம் ஓர் உறவு உண்டு. 1901-02-இல் நம் நீலகிரிக்கு வந்து, தோடர் மக்களிடையே தங்கி, அவர்களுடைய உறவுமுறையையும் எருமைப் பால்மனைச் சடங்குகளையும் ஆராய்ந்தவர் இவரே. அந்த ஆராய்ச்சி 1906-இல் பெரிய நூலாக வெளிவந்தது. உதகைக் குளிரிலிருந்து ஊர் திரும்பிய மறு ஆண்டே ஹெட்டின் கையைச் சோதிக்கும் வேலை அவருக்குக் காத்திருந்தது.

அறுவைக்குப் பின் ஹெட்டின் கட்டைவிரல் பக்கத்துப் புறங்கையில் பஞ்சோ ஊசியோ பட்டால் ஒன்றும் தெரியவில்லை; சூடும் குளிரும் தெரியவில்லை. ஆனால் பென்சிலால் அழுத்தினால் தெரிந்தது. ஷெர்ரனோடு நோயாளிகளிடம் கண்டது தம் கையிலேயே மெய்யாயிற்று.

அதன்பின் தொடங்கியது நான்கரை ஆண்டு நோன்பு. வார நாட்களில் இலண்டனில் நோயாளிகளைப் பார்ப்பார். வார இறுதியில் இரயிலேறிக் கேம்பிரிட்ஜ் செல்வார். செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் ரிவர்சின் அறையில் கண்களை மூடிக் கை நீட்டி உட்காருவார். ரிவர்ஸ் பஞ்சால் வருடுவார், ஊசியால் குத்துவார், பனிநீரும் வெந்நீரும் நிரப்பிய குழாய்களை வைப்பார், காம்பஸின் இரு முனைகளை நெருக்கியும் விலக்கியும் வைத்து, தொட்டது ஒன்றா இரண்டா என்று கேட்பார். உணர்ச்சி உள்ள இடத்துக்கும் இல்லாத இடத்துக்கும் இடையே தோலின் மேல் எல்லைக்கோடு வரைந்து படம் பிடிப்பார்கள். இப்படி 160 நாட்களுக்கு மேல் சோதனை நடந்தது. இலண்டன் வேலைக் களைப்போடு வந்து அமர்ந்தால் விடைகள் பிசகின. ஆகவே நன்றாக ஓய்வெடுத்த பிறகே தொடங்கினார்கள். நம் செய்முறை வகுப்பில் ஒரே பிற்பகலில் மூன்று அளவீடு எடுத்துச் சராசரி போட்டு முடிக்கிறோமே, அதை நினைத்துக்கொண்டேன்.

கண்டது என்ன? முதல் ஆறு வாரங்களில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. அதன்பின் முன்கையிலிருந்து ஊசிக் குத்து தெரியத் தொடங்கியது. ஆனால் அது பழைய குத்து அன்று. நெருப்பைத் தொட்டது போல் கையை உதறச் செய்யும் வலி. குத்திய இடம் ஒன்று, வலிக்கும் இடம் வேறு. முன்கையில் குத்தினால் கட்டைவிரலில் சுரீர் என்னும். மயிரைப் பிடித்து இழுத்தால் பொறுக்க முடியாது. சூடு என்றால் சூடு, குளிர் என்றால் குளிர். இளஞ்சூடு, மிதமான குளிர் என்ற தரம் கிடையாது. சுமார் 200 நாட்களில் மரத்த பகுதி முழுதும் இந்த முரட்டு உணர்ச்சி பரவியது. மென்மையான தொடுகை, இடத்தைச் சரியாகச் சொல்லும் திறன், இளஞ்சூட்டை அறியும் நயம் ஆகியவை வெகு காலம் கழித்தே, அதுவும் சிறிது சிறிதாக வந்தன. நான்காண்டுகள் கடந்த பின்னும் அவர் புறங்கையில் ஒரு பகுதி பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. 1908-இல் இருவரும் சேர்ந்து இதையெல்லாம் பிரெயின் என்ற ஆய்விதழில் வெளியிட்டார்கள்.

இனி, முன்னே சொன்ன அந்தக் காரணத்துக்கு வருகிறேன்.

என் அண்ணன் தச்சு வேலை செய்கிறார். பத்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டு வேலைக்குப் போனவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் கட்டணமும் விடுதிச் செலவும் அவர் உளி பிடித்த கூலியில் வந்தவை. சென்ற ஆண்டு தை மாதம் ஒரு வீட்டில் சன்னலுக்குக் கண்ணாடி பொருத்தும்போது பலகை நழுவி வலது மணிக்கட்டில் இறங்கியது. மீடியன் நரம்பும் சில தசைநாண்களும் அறுபட்டுவிட்டன. அன்றிரவே தைத்தார்கள். காயம் ஆறியது, விரல்கள் மடங்கின. ஆனால் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் உணர்ச்சி வரவில்லை. சூடான தேநீர் டம்ளரைப் பிடித்துக்கொண்டே இருப்பார். கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். அம்மா டம்ளரை அவருடைய இடப்பக்கமாக வைக்கப் பழகிக்கொண்டார். ஆணியைக் கண்ணால் பார்த்தால்தான் பிடிக்க முடியும். சட்டைப் பையில் கை விட்டால் சில்லறையும் சாவியும் வேறுபடாது.

ஆறு மாதம் கழித்து மருத்துவர் கேட்டபோது அண்ணன் பரவாயில்லை, தொட்டால் தெரிகிறது என்றே சொன்னார். இரண்டாவது முறை கத்தி வைப்பார்களே என்ற அச்சம் ஒன்று; மீண்டும் பல மாதம் கூலி போகுமே என்ற கணக்கு ஒன்று. மருத்துவர் அவர் கண்களை மூடச் சொன்னார். மெல்லிய நைலான் இழையால் விரல் நுனிகளைத் தொட்டார். அண்ணன் பேசாமல் இருந்தார், தொட்டது தெரியாததால். பிறகு மணிக்கட்டுத் தழும்பின் மேல் விரலால் தட்டினார். அங்கே மின்சாரம் தாக்கியது போல விர்ரென்றது. தழும்பைத் தாண்டி உள்ளங்கையில் தட்டினால் ஒன்றுமில்லை. முளைத்த இழைகள் ஆறு மாதமாகத் தழும்புக்குள்ளேயே சிக்கி நிற்கின்றன, திறந்து பார்க்க வேண்டும் என்று அவர் விளக்கினார்.

வீட்டில் இரண்டு நாள் பேச்சே இல்லை. முதல் தையலில் வராதது இரண்டாவதில் எப்படி வரும் என்று அப்பா கேட்டார். நியாயமான கேள்விதான். விடை சொல்ல எனக்குத் தெரியவில்லை. அதற்காகத்தான் நூலகத்துக்குப் போனேன்.

அறிந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தையல் தோற்பதற்குக் காரணங்கள் பல. முனைகளை இழுத்துக் கட்டியதால் பின்னர் பிரிந்திருக்கலாம், சீழ் பிடித்திருக்கலாம், நசுங்கிய முனை எவ்வளவு தூரம் கெட்டிருக்கிறது என்று காயம் பட்ட அன்றே தெரியாமல் போயிருக்கலாம். மணிக்கட்டில் இன்னொரு ஆபத்தும் உண்டு. நரம்பின் முனையும் தசைநாணின் முனையும் இரண்டுமே வெண்மை. இரத்தத்துக்கிடையே ஒன்றை மற்றொன்றோடு மாற்றித் தைத்துவிட வாய்ப்பு உண்டு என்று நூல்கள் எச்சரிக்கின்றன. நரம்பின் மேற்பரப்பில் நுண்ணிய இரத்தக் குழாய் ஓடும். வெட்டு முகத்தில் இழைக் கற்றைகள் புள்ளி புள்ளியாகப் புடைத்துத் தெரியும். அதைக் கொண்டு அறியலாமாம்.

மறுமுறை திறக்கும்போது அறுவை மருத்துவர் தழும்புக்குள் நேரே போவதில்லை. மேலும் கீழும் நல்ல நரம்பை முதலில் கண்டுபிடித்து, இரு பக்கமிருந்தும் தழும்பை நெருங்குவார். நடுவில் வெங்காயம் போல் உருண்ட கட்டி இருக்கும். வழி தெரியாத முளைகள் தமக்குள்ளேயே சுருண்டு முடிச்சானது அது. புள்ளிக் கற்றைகள் தெளிவாகத் தெரியும் வரை அதைச் சீவி எடுப்பார்கள். அதனால் விழும் இடைவெளியை இழுத்து மூடினால் மறுபடி பிரியும். எனவே கெண்டைக் காலின் பின்புறம் ஓடும் ஒரு தோல் நரம்பை எடுத்துத் துண்டுகளாக்கிப் பாலமாக வைத்துத் தைக்கிறார்கள். பாதத்தின் வெளி ஓரம் சற்று மரத்துப் போகும், நடைக்குக் குறைவில்லை. இழுவையின்றி ஒட்டு வைக்கும் இம்முறையைச் செம்மைப்படுத்தியவர்களில் வியன்னா நகரத்து மில்லேசி குறிப்பிடத்தக்கவர். இன்று உருப்பெருக்கியின் கீழே, தலைமயிரைவிட மெல்லிய இழையால் தைக்கிறார்கள். ஹெட்டின் கையில் போட்ட பட்டு நூல் இதன் பக்கத்தில் தாம்புக் கயிறு!

எப்போது திறப்பது என்பதற்கும் கணக்கு உண்டு. 1915-இல், முதல் உலகப் போரில் காயமுற்ற வீரர்களைச் சோதித்த டினெல் என்ற பிரெஞ்சு மருத்துவரும், ஹாஃப்மன் என்ற ஜெர்மானியரும், ஒருவரையொருவர் அறியாமலே எதிரெதிர் முகாம்களிலிருந்து ஒரே குறியைக் கண்டு சொன்னார்கள். முளைக்கும் நரம்பின் மேல் தட்டினால் விர்ரென்னும். வளர வளர அந்தப் புள்ளி விரல் நோக்கி நகரும். இரண்டாம் உலகப் போரின்போது ஆக்ஸ்போர்டில் செட்டன் என்பவர் நரம்புக் காயங்களை மூவகையாகப் பிரித்தார். வளர்ச்சி வேகத்தையும் கணக்கிட்டார்கள். நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். புள்ளி நகர்கிறதா, காத்திரு. பல மாதமாக நின்ற இடத்திலேயே நிற்கிறதா, திற. காலவரையறையும் உண்டு. நரம்பில்லாத தசை ஓராண்டு ஒன்றரை ஆண்டுக்கு மேல் தாங்காது. பிறகு நரம்பு வந்து சேர்ந்தாலும் பயனில்லை. தோலின் உணர்ச்சி மட்டும் அதற்குப் பிறகும் ஓரளவு வரக்கூடும்.

இந்தக் கணக்குக்கெல்லாம் அடியில் இருப்பது ஹெட் வற்புறுத்திய ஒழுங்குதான் என்பது என் கருத்து. அழுத்திப் பார்த்து ஏமாறாதே. கண்ணை மூடச் சொல். பஞ்சு வேறு, ஊசி வேறு, அழுத்தம் வேறு. எது எந்த வரிசையில் திரும்புகிறது என்று எழுதி வை.

அவருடைய கொள்கை முழுவதும் நிலைக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். முரட்டு உணர்ச்சிக்கு ஒரு நரம்பமைப்பு, நயமான உணர்ச்சிக்கு இன்னொரு நரம்பமைப்பு என்று தோலுக்கு இரண்டு அமைப்புகள் இருப்பதாக அவர் முடிவு செய்தார். அடுத்த ஆண்டே, 1909-இல், டிராட்டர், டேவிஸ் என்ற இருவர் தத்தம் உடலில் ஏழு நரம்புகளை அறுத்துச் சோதித்து, அப்படி இரண்டு அமைப்புகள் தெரியவில்லை என்று மறுத்தார்கள். பின்வந்தவர்களும் ஹெட்டின் பிரிவினையை ஏற்கவில்லை. பாதி வளர்ந்த நரம்பின் கோணல் செய்தியை ஒரு தனி அமைப்பு என்று அவர் எண்ணிவிட்டார் என்பதே பெரும்பாலோர் தீர்ப்பு. ஒருவர் தம் கையை அறுத்துக்கொண்டார் என்பதற்காக அவர் கொள்கையை ஒப்புக்கொள்ள அறிவியல் கடமைப்படவில்லை. எனக்கு இது வருத்தமாக இல்லை, சொல்லப்போனால் பிடித்திருக்கிறது. அவர் எழுதி வைத்த எல்லைக்கோடுகளும் நாட்களும் எவர் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கும்படி இருந்ததால்தானே மறுக்கவும் முடிந்தது?

அண்ணனுக்கு ஆவணி மாதம் மறு அறுவை நடந்தது. தழும்பை எடுத்துவிட்டுக் காலிலிருந்து நரம்பு வைத்திருக்கிறார்கள். ஹெட்டின் கதையை நான் சொன்னபோது அவர் முதலில் சிரித்தார். நல்ல கையை எவனாவது அறுத்துக்கொள்வானா என்றார். இப்போது மாதத்துக்கு ஒரு ஞாயிறு நான் ஊருக்குப் போகும்போது இருவரும் திண்ணையில் உட்கார்ந்து தட்டிப் பார்க்கிறோம். விர்ரென்னும் இடத்தில் பந்துமுனைப் பேனாவால் புள்ளி வைத்து, தச்சு வேலை அடிக்கோலால் அளந்து, தேதி போட்டு என் ஆய்வக நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுகிறேன். முதல் இரண்டு மாதம் நகரவில்லை. பிறகு நகர்கிறது. சென்ற முறை பெருவிரல் மேட்டின் நடுவில் இருந்தது. விரல் நுனிகள் இன்னும் தொலைவில் இருக்கின்றன. அங்கே போய்ச் சேர்ந்தாலும் பழைய கை அப்படியே திரும்பும் என்று மருத்துவர் வாக்குக் கொடுக்கவில்லை.

ஹெட்டின் பிற்கால வாழ்வைப் பற்றிச் சில சொற்கள். 1904-இல், கைச் சோதனை நடந்துகொண்டிருந்தபோதே, ரூத் மேஹ்யூ என்ற அம்மையாரை மணந்தார். அம்மையார் பள்ளித் தலைமை ஆசிரியையாக இருந்தவர். கணவனும் மனைவியும் இலக்கியப் பித்தர்கள். ஹெட் கவிதை எழுதி 1919-இல் நூலாகவும் வெளியிட்டார். பிரெயின் இதழின் ஆசிரியராகப் பல ஆண்டுகள் பணியாற்றினார். கோர்டன் ஹோம்ஸ் என்பவரோடு சேர்ந்து, நம் உடலின் நிலையைப் பற்றி மூளை தனக்குள் ஒரு வரைபடம் வைத்திருக்கிறது என்ற கருத்தை 1911-இல் எழுதினார். இன்றைய நரம்பியலிலும் உளவியலிலும் அந்தக் கருத்து பல உருவில் வாழ்கிறது. முதல் உலகப் போரில் தலையில் குண்டு பாய்ந்து பேச்சிழந்த வீரர்களைக் கவனித்தார். அந்த ஆராய்ச்சி 1926-இல் இரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. 1927-இல் சர் பட்டம் கிடைத்தது. தோழர் ரிவர்ஸ் அதைப் பார்க்க இல்லை. அவர் 1922-இலேயே மறைந்துவிட்டார்.

அதற்குள் ஹெட்டைப் பார்க்கின்சன் நோய் பற்றியிருந்தது. நரம்பியலாருக்கு நரம்பு நோயே வந்தது. தொழிலை விட்டு டார்செட் நாட்டுப்புறத்துக்கும், பின்னர் ரெடிங் நகருக்கும் குடிபெயர்ந்தார். ஆண்டுக்கு ஆண்டு உடல் இறுகியது, கையெழுத்துப் போனது, நடை போனது. அறிவு தெளிவாகவே இருந்தது என்று அவரைக் கண்டவர்கள் எழுதியிருக்கிறார்கள். ரூத் அம்மையார் 1939-இல் முந்திக்கொண்டார். 1940-ஆம் ஆண்டு அக்டோபர் 8-ஆம் நாள், இலண்டன் மீது குண்டுகள் விழுந்துகொண்டிருந்த நாட்களில், ஹெட் ரெடிங்கில் உயிர் நீத்தார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. தம் செல்வத்தின் பெரும்பகுதியை மருத்துவ ஆராய்ச்சிக்கென்று இராயல் சொசைட்டிக்கு எழுதி வைத்திருந்தார்.